புள்ளிக்கோட்டில் ஓடிய ஆறு

கனடாவின் வடகிழக்கு ஓரத்தில் உள்ள லாப்ரடார் தீபகற்பத்தின் உட்பகுதிக்கு, ஓரளவேனும் நம்பிக் கையில் எடுத்துச் செல்லத்தக்க வரைபடம் 1890களின் நடுப்பகுதியில்தான் கிடைத்தது. அதைத் தயாரித்தவர் கனடிய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஆல்பர்ட் பீட்டர் லோ. 1893, 1894ஆம் ஆண்டுகளில் அவர் அந்தத் தீபகற்பத்தின் குறுக்கும் நெடுக்குமாக ஐயாயிரம் மைலுக்கும் அதிகமாகப் பயணம் செய்தார்; அதில் பாதிக்கு மேல் கனூ எனப்படும் இலகுவான படகிலும், எஞ்சியது கப்பலிலும் நாய்வண்டியிலும் கால்நடையாகவும் கழிந்தது. தாமே சென்று அளந்த ஆறுகளை அவர் முழுக்கோட்டால் வரைந்தார். பிறர் சொல்லக் கேட்டு வரைந்த ஆறுகளைப் புள்ளிக்கோட்டால் காட்டினார். ஓர் அளவையாளரிடம் இதைவிட நேர்மையை எதிர்பார்க்க முடியாது. ஆயினும் 1903ஆம் ஆண்டில் அந்தப் புள்ளிக்கோடுகளில் ஒன்றைத் தேடிப் புறப்பட்ட மூவரில் ஒருவர் பட்டினியால் இறந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து அவருடைய மனைவி அதே நிலத்துக்குள் சென்று, அந்தக் கோட்டை முழுக்கோடாக மாற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு இந்த வரலாற்றின்மீது உள்ள ஈடுபாடு தொழில்வழி வந்தது. தென்னாப்பிரிக்காவில் மெட்ரிக் தேர்வில் புவியியல் எழுதும் ஒவ்வொரு மாணவரும் 1:50,000 அளவையிலான தலப்படம் ஒன்றை முன்னால் விரித்து வைத்து ‘மேப்வொர்க்’ வினாக்களுக்கு விடை எழுதியாக வேண்டும். நம் நாட்டுத் தலப்படத்தில் நீலநிற முழுக்கோடு வற்றாத ஆற்றையும், விட்டுவிட்டு வரும் நீலக்கோடு பருவகால ஓடையையும் குறிக்கும். அதாவது இங்கே விட்டுவிட்டு வருவது தண்ணீர்தான். லோவின் படத்தில் விட்டுவிட்டு வந்தது அறிவு. இந்த வேறுபாட்டை வகுப்பில் எத்தனை முறை விளக்கினாலும், அச்சில் ஏறிய கோடு எதுவாக இருந்தாலும் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ளும் பழக்கம் மாணவர்களிடம் மாறியதில்லை. பெரியவர்களிடமும் மாறுவதில்லை என்பதற்கு லாப்ரடார் சான்று.

அந்த நிலத்தின் இயல்பை முதலில் சொல்ல வேண்டும். டர்பன் அமைந்துள்ள நட்டால் பகுதியில் வளர்ந்தவர்களுக்கு ஆறு என்றால் ஒரு தெளிவான உருவம் மனத்தில் உண்டு. துகேலா ஆறு டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடரிலிருந்து இறங்கிப் பள்ளத்தாக்கு ஒன்றை வெட்டிக்கொண்டு கடலை நோக்கிச் செல்கிறது. எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்பதில் ஐயம் எழுவதில்லை. லாப்ரடாரின் உட்பகுதி அப்படிப்பட்டதன்று. பனியூழியின் கடைசிக் கட்டத்தில் அங்கே படிந்திருந்த பெரும் பனித்தகடு உருகி விலகிப் பத்தாயிரம் ஆண்டுகள்கூட ஆகவில்லை. பழைய பள்ளத்தாக்குகளைப் பனி சுரண்டி எடுத்தது, மண்ணும் கல்லும் கலந்த மேடுகளால் அடைத்தது, பாறைக் குழிகளை ஏரிகளாக விட்டுச் சென்றது. புதிய வடிகால் இன்னும் ஒழுங்குக்கு வராததால், ஏரியிலிருந்து ஏரிக்குக் குறுகிய வேகநீர்ச் சரிவுகள் வழியே தண்ணீர் தாவுகிறது. ஓர் ஏரியில் படகை நிறுத்திச் சுற்றிலும் பார்த்தால், நீர் எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. கரையை முழுதும் சுற்றி வந்தால்தான் வெளியேறும் வாய் அகப்படும். குட்டையான கறுப்பு ஸ்ப்ரூஸ் மரங்களும் சதுப்பும் கொசுவும் நிறைந்த அந்த நாட்டில், பனிக்கட்டி இல்லாத நீர்வழி ஜூன் இறுதி முதல் செப்டம்பர் வரையில்தான் கிடைக்கும். அளவையாளருக்கு வாய்க்கும் வேலை நாட்களும் அவ்வளவே.

அக்காலத்தில் இப்படிப்பட்ட ஆற்றை அளந்த முறை எளியது, சலிப்பூட்டுவது. கையடக்கத் திசைகாட்டியால் அடுத்த வளைவுக்குரிய கோணத்தை எடுப்பார்கள். அந்த வளைவுவரை உள்ள தூரத்தைப் படகின் வேகத்தையும் சென்ற நேரத்தையும் கொண்டோ, வேறு கருவிகளைக் கொண்டோ கணிப்பார்கள். இரண்டையும் குறிப்பேட்டில் எழுதிவிட்டு மறுபடியும் அடுத்த வளைவு. படகைச் சுமந்து கரைவழி நடக்க வேண்டிய இடங்களில் காலடி எண்ணப்படும். இவ்வாறு நாள் முழுவதும் சேரும் பிழைகளை அவ்வப்போது சூரியனையோ விண்மீனையோ நோக்கித் திருத்திக்கொள்வார்கள். உயரத்தை அனிராய்டு காற்றழுத்தமானி கொடுக்கும். ஆனால் வானிலை மாறினால் அதுவும் மாறும் என்பதால், இன்று தலப்படத்தில் நாம் காணும் சம உயரக்கோடுகளை அந்தக் கருவியை நம்பி வரைய இயலாது. எனவே அந்நாளைய படங்களில் நிலம் என்பது ஒரு நீர்க்கோடும் அதன் இருமருங்கிலும் கண்ணுக்குத் தெரிந்த சில குன்றுகளும் மட்டுமே. ஆற்றைவிட்டு விலகியவருக்கு அந்தப் படம் எதையும் சொல்லாது.

காந்த ஒதுக்கம் என்ற தலைவலியும் உண்டு. டர்பனில் திசைகாட்டியின் முள் உண்மை வடக்குக்கு இருபது பாகைக்கும் மேலாக மேற்கே ஒதுங்கி நிற்கிறது. மேப்வொர்க் தாளில் ஆண்டு மாற்றத்தைக் கூட்டிக் கழித்து இதைக் கணக்கிடும் வினாவுக்கு அஞ்சாத மாணவர் குறைவு. அக்காலத்தில் லாப்ரடாரிலும் ஒதுக்கம் மேற்கு நோக்கியதே, ஆனால் முப்பது பாகைக்கும் அதிகமாக இருந்தது. முப்பது பாகையைக் கவனிக்காமல் பத்துக் கிலோமீட்டர் நடப்பவர், தாம் சென்றதாக நினைத்த நேர்வழியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் விலகி நிற்பார்.

லோவின் படத்தில் சிக்கலாக அமைந்த பகுதி, மிச்சிகமாவ் என்ற பெரிய ஏரிக்கும் கடலோரத்தை அடுத்த மெல்வில் ஏரிக்கும் இடைப்பட்ட நாடு. மிச்சிகமாவ் ஏரியை லோ 1894இல் நேரில் கண்டிருந்தார். அதன் நீர் தென்கிழக்கே சென்று, குறுகி நீண்டு கிடக்கும் கிராண்ட் ஏரியை அடைந்து, அங்கிருந்து மெல்வில் ஏரிக்கு வடிகிறது என்று அவருக்குச் சொல்லப்பட்டது. ‘நார்த்வெஸ்ட் ஆறு’ என்ற பெயருடன் அந்தப் பாதையைப் புள்ளிக்கோட்டால் வரைந்தார். கிராண்ட் ஏரியின் தலைமாட்டில் விழும் ஒரே ஆறுபோல அது படத்தில் நின்றது. உண்மையில் அந்த ஏரியில் விழும் ஆறுகள் பல. மிச்சிகமாவிலிருந்து வரும் பெரிய ஆறான நாஸ்காப்பியின் வாய் ஏரியின் கடைசி முனையில் இல்லை. அதற்கு முன்பாகவே, உள்வாங்கிய ஒரு குடாவுக்குள் ஒதுங்கியிருந்தது.

லியோனிடாஸ் ஹப்பார்ட் நியூயார்க்கில் ஒரு பத்திரிகையின் உதவி ஆசிரியர். டில்லன் வாலஸ் என்ற வழக்கறிஞரும், ஜேம்ஸ் விரிகுடாப் பகுதியைச் சேர்ந்த, ஸ்காட்டியரும் கிரீ பழங்குடியினரும் கலந்த வழியில் வந்த ஜார்ஜ் எல்சனும் அவருடன் சேர்ந்தனர். 1903 ஜூலை 15 அன்று ஒரே கனூவில் அவர்கள் ஹட்சன் பே கம்பெனியின் வணிகநிலையத்திலிருந்து புறப்பட்டார்கள். கிராண்ட் ஏரியின் தலைமாட்டில் ஆறு உள்ளது என்று படம் சொன்னது; ஏரியின் கடைசிவரை சென்றார்கள், அங்கே ஓர் ஆறும் இருந்தது. அதற்குள் நுழைந்தார்கள். அது சூசன் என்று பிற்காலத்தில் அழைக்கப்பட்ட சிற்றாறு. படகு மிதக்கக்கூட ஆழமில்லாமல், கல்லும் புதரும் நிறைந்தது. தேடி வந்த நாஸ்காப்பியின் வாயை அதற்கு முன்பே, கவனிக்காமல் கடந்து வந்துவிட்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் ஹப்பார்ட்டைக் குறை சொல்வது எளிது; நான் சொல்ல மாட்டேன். படம் ஆறு என்றது, கண்ணும் ஆற்றைக் கண்டது. ஒன்றையொன்று உறுதிப்படுத்தும் இரண்டு சான்றுகளை எதிர்க்க ஒரு புதிய பயணியிடம் மூன்றாவது சான்று எதுவும் இருக்கவில்லை. பெரிய ஏரி ஒன்றின் நீரைச் சுமக்க வேண்டிய ஆறு இத்தனை ஒல்லியாக இருக்குமா என்ற வினா மட்டுமே அவர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடும். மேப்வொர்க் வகுப்பில் நான் மிகவும் வற்புறுத்தியது இந்த வகை வினாவைத்தான்: கோட்டின் தடிப்பும் வடிநிலத்தின் பரப்பும் பொருந்துகின்றனவா?

படகையும் மூட்டைகளையும் சுமந்து, சூசனைவிட்டு வேறு நீர்வழிகளுக்கு மாறி, மிச்சிகமாவ் என்று நம்பி அடைந்த ஏரி அதுவன்று என்று தெரிந்து அதற்கு ஏமாற்றத்தின் பெயரையே சூட்டி, செப்டம்பர் 9 அன்று ஒரு குன்றின் மேலிருந்து உண்மையான மிச்சிகமாவைத் தொலைவில் கண்டார்கள். அதற்குள் பருவம் முடிந்துவிட்டது. ஓயாத காற்று அவர்களை இடைப்பட்ட ஏரி ஒன்றின் கரையிலேயே நிறுத்திவைத்தது. உணவு தீர்ந்துகொண்டிருந்தது, செப்டம்பர் 15 அன்று திரும்புவதென்று முடிவு செய்தார்கள். திரும்பும் வழியில் முன்பு தாங்கள் எறிந்துவிட்டுச் சென்ற கரிபூ மானின் எலும்பையும் தோலையும் தேடி எடுத்து வேகவைத்துத் தின்றார்கள்.

வரைபட வரலாற்றில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அந்தத் திரும்பும் வழியில் நேர்ந்த ஒரு தேர்வு. பீவர் என்று இன்று அழைக்கப்படும் ஆற்றங்கரையில் அவர்கள் இருந்தபோது, இந்த ஆற்றைவிட்டு விலகாமல் இதன் போக்கிலேயே இறங்கினால் கிராண்ட் ஏரியை அடையலாம் என்று தமக்குக் கனவில் சொல்லப்பட்டதாக எல்சன் கூறினார். ஆனால் அந்த ஆறு எங்கே போகிறது என்பது எந்தப் படத்திலும் இல்லை. தாங்கள் நடந்து வந்த பழைய தடம், கொடியதாக இருந்தாலும், தெரிந்த தடம். ஹப்பார்ட் தெரிந்ததைத் தேர்ந்தார். பீவர் ஆறு கிராண்ட் ஏரியில்தான் விழுகிறது. அதன் வழியே போயிருந்தால் பிழைத்திருக்கும் வாய்ப்பு அதிகம். புள்ளிக்கோட்டால் ஒருமுறை ஏமாந்தவர்கள், கோடே இல்லாத ஆற்றை நம்ப மறுத்தது இயல்பான செயல். அக்டோபர் 18 அன்று எல்சனும் வாலஸும் உதவி தேடிப் பிரிந்து சென்றனர். நடக்க இயலாத ஹப்பார்ட் கூடாரத்தில் தனியே இறந்தார். எல்சன் ஆட்கள் இருக்கும் இடத்தை எப்படியோ அடைந்து, வேட்டைக்காரர் நால்வரை அனுப்பிவைத்தார். அவர்கள் வாலஸை உயிருடன் கண்டுபிடித்தனர்.

இத்தகைய படங்கள் தொலைதூரப் பனிநாட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. ஹப்பார்ட்டின் பயணத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் நட்டாலில் பிரிட்டிஷாருக்கும், டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்களுக்கும் போர் நடந்தபோது பிரிட்டிஷ் படையிடம் இருந்த படங்கள் பெரும்பாலும் பண்ணை எல்லைகளைக் கொண்டு தொகுக்கப்பட்டவை. கேப் வானியலறிஞர் டேவிட் கில்லின் மேற்பார்வையில் 1880களில் தொடங்கிய முக்கோண அளவையால் குன்றுச்சிகரங்கள் சிலவற்றின் இடங்கள் துல்லியமாகத் தெரிந்திருந்தன. ஆனால் சிகரத்தின் இடம் தெரிவது வேறு, சிகரத்தின் வடிவம் தெரிவது வேறு. 1900 ஜனவரி 24 அதிகாலையில் மூடுபனிக்குள் ஸ்பியோன்கோப் குன்றின் உச்சியில் பதுங்குகுழி வெட்டிய படையினர், பனி விலகியதும் தாங்கள் உச்சியின் விளிம்பில் இல்லை என்பதையும், பக்கத்து மேடுகளில் இருந்த போயர்களின் துப்பாக்கிகளுக்கு நேராக இருப்பதையும் கண்டனர். அன்று காயமடைந்தவர்களைத் தூக்கிச் சுமந்தவர்களில் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையினரும் இருந்தனர். அந்தப் படையில் பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களின் ஒப்பந்தத் தொழிலாளர், அவர்களுள் நம்மவர் பலர். பண்ணையின் வேலி முழுக்கோடாகவும் மலை வெற்றுத்தாளாகவும் இருந்த படத்தின் விலையை அவர்களும் தோளில் சுமந்தார்கள் என்று வகுப்பில் சொல்வது என் வழக்கம்.

மீண்டும் லாப்ரடாருக்கு வருவோம். கனடாவில் பிறந்து நியூயார்க்கில் செவிலியாகப் பயிற்சி பெற்றவர் மினா ஹப்பார்ட். கணவரின் இறப்பைப் பற்றி வாலஸ் எழுதியது கணவரின் பெயரைக் குறைப்பதாக அவர் கருதினார். வாலஸ் இரண்டாம் முறை செல்லத் திட்டமிட்டபோது, மினாவும் தமக்கென ஒரு குழுவைத் திரட்டினார். 1905 ஜூன் 27 அன்று இரு குழுக்களும் ஒரே இடத்திலிருந்து ஒரே நாளில் புறப்பட்டன. பத்திரிகைகள் இதைப் பந்தயமாக்கின. அந்தப் பகையின் விவரங்களில் எனக்கு ஆர்வமில்லை. மினாவுடன் சென்றவர்கள் யார் என்பதே முக்கியம். குழுவின் தலைமைப் படகோட்டி ஜார்ஜ் எல்சன். வடநாட்டு ஆறுகளில் பழகிய ஜோப் சாப்பீஸ், ஜோசப் இசர்ஹாஃப் ஆகிய இருவரும் உடன் இருந்தனர். நான்காமவர் கில்பர்ட் பிளேக், 1903இல் வாலஸை மீட்ட நால்வரில் ஒருவர். அந்த ஆற்றுப்பகுதியில் பொறிவைத்து வேட்டையாடி வளர்ந்தவர். இம்முறை நாஸ்காப்பியின் வாயைத் தேட வேண்டிய தேவை எழவில்லை. அது எங்கே என்று தெரிந்தவர் படகில் இருந்தார்.

மினா தம்முடன் செக்ஸ்டண்ட் என்ற கோணமானியும் செயற்கைத் தொடுவானமும் எடுத்துச் சென்றார். கடலில் உள்ள மாலுமி சூரியனுக்கும் தொடுவானுக்கும் இடைப்பட்ட கோணத்தை அளப்பார். காட்டுக்குள் தொடுவானம் ஏது? அதனால் ஒரு தட்டில் கிடக்கும் பாதரசம் போன்ற சமப்பரப்பில் தெரியும் சூரியனின் பிம்பத்துக்கும் வானத்துச் சூரியனுக்கும் இடைப்பட்ட கோணத்தை அளப்பார்கள். கிடைப்பது உயரக் கோணத்தின் இரட்டிப்பு. அதைப் பாதியாக்கும்போது பிழையும் பாதியாகிறது. செக்ஸ்டண்ட் பொதுவாக 120 பாகையைச் சற்றுத் தாண்டும் அளவுக்கே கோணம் காட்டும். லாப்ரடாரின் 54 பாகை வடக்கு அட்சரேகையில், ஆகஸ்ட் தொடக்கத்தில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ 53 பாகை உயரத்தில் நிற்கும். இரட்டித்தால் 106, எனவே சிக்கலில்லை. டர்பனில் டிசம்பர் நண்பகலில் இதே முறையை முயன்றால் சூரியன் 83 பாகைக்கு மேல் ஏறி நிற்கும், இரட்டிப்பு 166ஐத் தாண்டும், கருவி கைவிரித்துவிடும். நம் கோடைக்கு ஒவ்வாத முறை அந்த வடநாட்டுக்குப் பொருந்தியது.

அட்சரேகையை இவ்வாறு பெறலாம். தீர்க்கரேகைக்கு நேரம் வேண்டும். படகில் குலுங்கி, நீரில் நனைந்து, சுமையோடு சுமையாகத் தோளில் ஏறி இறங்கும் கடிகாரம் ஒரு நிமிடம் பிழைத்தால், அந்த அட்சரேகையில் இடம் பதினாறு கிலோமீட்டர் கிழக்கிலோ மேற்கிலோ நகர்ந்துவிடும். எனவே அக்காலப் பயணிகள் வரைந்த ஆறுகள் வடக்கு தெற்கில் சரியாகவும், கிழக்கு மேற்கில் சற்றே இழுபட்டும் இருப்பதைக் கண்டால் வியக்க வேண்டியதில்லை.

நாஸ்காப்பி வழியே ஏறி, சீல் ஏரியைக் கடந்து, மிச்சிகமாவை அடைந்து, அதன் வடக்கே நீர்ப்பிரிமேட்டைத் தாண்டி ஜார்ஜ் ஆற்றில் இறங்கி, ஆகஸ்ட் 27 அன்று அவர் உங்காவா விரிகுடாவை ஒட்டிய வணிகநிலையத்தை அடைந்தார். கம்பெனியின் கப்பலைத் தவறவிட்டால் அங்கேயே குளிர்காலம் கழிக்க வேண்டும் என்பதே அவரை விரட்டிய கணக்கு. விரைந்து வந்த பின்னர் கப்பல்தான் தாமதமாகியது. வாலஸ் அக்டோபர் நடுவில் வந்து சேர்ந்தார். இந்தப் பயணத்தில் மினா நிறுவிய புவியியல் உண்மை ஒன்றுதான், ஆனால் கனமானது: நார்த்வெஸ்ட், நாஸ்காப்பி என இரண்டு ஆறுகளாக எண்ணப்பட்டவை ஒன்றே, மிச்சிகமாவின் நீர் சீல் ஏரி வழியாகவே மெல்வில் ஏரிக்கு வடிகிறது. அமெரிக்கப் புவியியல் கழகத்தின் இதழ் அவருடைய படத்தை வெளியிட்டது. அளவைத் தொழிலில் பயிற்சி இல்லாத ஒருவர் இதைச் செய்தார் என்று வியந்து நிறுத்திக்கொள்பவர்கள், ஆற்றை ஆறாக அறிந்த நால்வரின் துடுப்பை மறந்துவிடுகிறார்கள். கோணத்தை மினா எடுத்தார். எந்தக் கிளை முதன்மையானது, எந்தச் சரிவைக் கரைவழி கடக்க வேண்டும் என்ற முடிவுகள் அவர்களுடையவை.

அந்நாட்டுக்கு உரியவர்களான இன்னு மக்கள் இந்த ஏரிகளையெல்லாம் அறிந்திருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட இயலாது. மினாவே ஜார்ஜ் ஆற்றங்கரையில் அவர்களுடைய முகாம்களைச் சந்தித்து, கடலுக்கு இன்னும் எத்தனை தூரம் என்று விசாரித்தார். என் கருத்து இது: இன்னு மக்களின் வழிகள் ஆற்றைப் பின்பற்றியவை அல்ல. கொடிய சரிவுகள் உள்ள இடத்தில் ஆற்றைக் கைவிட்டு, சிறு ஏரிகளைக் கரைவழிகளால் இணைத்துச் செல்லும் பாதைகள் அவை; 1905இல் வாலஸ் அத்தகைய பழைய பாதை ஒன்றைத் தேடிச் சென்றுதான் காலம் கடத்தினார். ‘மிச்சிகமாவுக்கு எப்படிப் போவது’ என்று கேட்டால் இன்னு ஒருவர் சொல்லும் விடை பாதையைப் பற்றியது. கேட்டவர் அதை ஆற்றின் போக்காக எழுதிக்கொண்டால் புள்ளிக்கோடு பிறக்கிறது. சொன்னவர் பொய் சொல்லவில்லை, எழுதியவரும் சொல்லவில்லை.

மினா கடந்த நீர்ப்பிரிமேடு பிற்காலத்தில் சட்டத்தின் பொருளாகவும் ஆனது. லாப்ரடார் யாருக்கு உரியது என்று கனடாவும் அந்நாளில் தனி ஆட்சியாக இருந்த நியூஃபவுண்ட்லாந்தும் வழக்காடின. 1927இல் பிரிட்டிஷ் பேரரசின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலின் நீதிக்குழு, அட்லாண்டிக் கடலுக்கு வடியும் நிலம் நியூஃபவுண்ட்லாந்துக்கு உரியது என்று தீர்ப்பளித்தது. தெற்கே ஒரு பகுதி நீங்கலாக, எல்லை என்பது நீர்ப்பிரிமேடே. எந்த ஏரி எந்தப் பக்கம் வடிகிறது என்று தெரியாத சதுப்பு மேட்டின் குறுக்கே, யாரும் நடந்து அளக்காத ஓர் எல்லையை நீதிபதிகள் வரைந்தார்கள். அது இன்றளவும் பெரும்பாலும் நிலத்தில் கல் நட்டு அளக்கப்படாத எல்லைதான்.

நிலத்தின் முழு வடிவம் வானிலிருந்துதான் கிடைத்தது. 1920களில் கனடியர்கள் விமானத்திலிருந்து சாய்வாக எடுத்த படங்களின்மேல் கட்டவலை ஒன்றைப் பொருத்தி ஏரிக்கரைகளைத் தாளுக்கு மாற்றும் முறையை வளர்த்தார்கள். மலைநாட்டில் அது பயன்படாது. தட்டையான ஏரிநாட்டுக்கு மிகவும் ஏற்றது. இரண்டாம் உலகப்போரின்போது நேர்கீழே ஒன்று, இருபக்கமும் சாய்வாக இரண்டு என மூன்று கேமராக்களை ஒரே நேரத்தில் இயக்கும் டிரைமெட்ரோகன் முறை வந்தது. ஒரு பறப்பில் தொடுவானிலிருந்து தொடுவான்வரை நிலம் பதிவாயிற்று. படங்களை நிறுத்தி வைக்கத் துல்லியமான இடப்புள்ளிகள் வேண்டுமே? 1949 முதல் 1957வரை ஷோரான் என்ற ரேடியோ முறையால் அவை பெறப்பட்டன: சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு நிலையங்களுக்கு நடுவே விமானம் குறுக்காகப் பறக்கும், இரு நிலையங்களுக்கும் உள்ள தூரங்களின் கூட்டுத்தொகை எப்போது மிகக் குறைகிறதோ, அதிலிருந்து நிலையங்களின் இடைத்தூரம் கணக்கிடப்படும். 1970ஐ ஒட்டிக் கனடா முழுவதற்கும் 1:250,000 படங்கள் முடிந்தன. பதின்மூன்றாயிரத்துக்கும் அதிகமான தாள்கள் கொண்ட 1:50,000 தொகுதி 2012இல்தான் நிறைவுற்றது.

நகராட்சியில் வரைபடத் தரவுப் பிரிவில் வேலை செய்யும் என் பழைய மாணவி ஒருத்தி, “சார், இப்போது செயற்கைக்கோள் படமே எல்லாவற்றையும் காட்டிவிடுகிறதே, இந்தப் பழைய கதை எதற்கு?” என்று கேட்டாள். ஏரிகள் நிறைந்த நாட்டின் செயற்கைக்கோள் படம் ஒன்றைத் திறந்து, இரண்டு ஏரிகளுக்கு இடையே உள்ள நீரிணைப்பைக் காட்டி, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லம்மா என்றேன். உயரத் தரவு இல்லாமல் சொல்ல முடியாது என்பதை உடனே ஒப்புக்கொண்டாள்; கெட்டிக்காரி.

மினா திருத்திய கோட்டுக்கு அதன்பின் நேர்ந்தது வேறு. லோ 1894இல் கண்ட ஹாமில்டன் ஆற்றுப் பேரருவியின் வீழ்ச்சியை மின்சாரமாக்கும் திட்டம் 1960களில் தொடங்கியது. ஆற்றுக்கும் அருவிக்கும் சர்ச்சில் என்று பெயர் மாறியது. ஒரே பெரிய அணை கட்டுவதற்கு அங்கே பள்ளத்தாக்கு இல்லாததால், 88 கரைகளை எழுப்பி மேட்டுநிலத்தின் இடைவெளிகளை அடைத்து, ஆறாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான ஸ்மால்வுட் நீர்த்தேக்கத்தை உண்டாக்கினார்கள். இன்னு மக்களின் வேட்டைநிலங்களும் இடுகாடுகளும் அவர்களுடைய இசைவு பெறப்படாமலேயே மூழ்கின. மிச்சிகமாவ் ஏரி அந்த நீர்த்தேக்கத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. நாஸ்காப்பியின் தலைநீரும் கரைகட்டித் திருப்பப்பட்டதால், 1971 முதல் அந்த ஆறு முன்னிருந்த அளவில் ஓடுவதில்லை. மிச்சிகமாவின் நீர் சீல் ஏரி வழியாகச் செல்கிறது என்ற 1905ஆம் ஆண்டின் முடிவு இன்றைய தாளில் இல்லை. அந்த நீர் இப்போது சர்ச்சில் ஆற்றின் நிலத்தடி மின்நிலையத்துச் சுழலிகளைக் கடந்து, தெற்கு வழியாகச் சுற்றி, அதே மெல்வில் ஏரிக்கு வந்து சேர்கிறது.